தாச்சிக்கு ஓடு

1

குடும்பக் கதை எழுதுகிறவளுக்கு பேஸ்பாலில் என்ன வேலை என்று கேட்பீர்கள். எல்லாம் ஒரு துண்டுத்தாள் செய்த வேலை. மலேசியாவின் ஈப்போ நகரில் வாங்கிய பழைய வீடியோ விளையாட்டுக் கேசட்டின் பெட்டிக்குள் மடித்துக் கிடந்தது: ‘விளையாடும் முறை’, தமிழில். யாரோ எழுதியிருக்க வேண்டுமே. அந்த யாரோவுக்குப் புனிதவதி என்று பெயர் வைத்தேன். (மீதியெல்லாம் புளுகு.)

2

“1986. கிந்தா ஆற்றின் மேல் மாலைச் சூரியன் தன் செந்நிற...” வேண்டாம். சூரியன் போகட்டும்.

புனிதவதிக்கு இருபத்தைந்து வயது. யாழ்ப்பாணத்து வம்சம். அப்பா ஸ்கந்தராஜா, ரயில்வேயில் ஓய்வுபெற்ற கிராணி, அதாவது குமாஸ்தா. ஜப்பான் விளையாட்டுப் பெட்டிகள் விற்கும் கடையில் அவள் தட்டச்சு செய்கிறாள். பேஸ்பால் கேசட்டோடு வந்த ஆங்கில விளக்கத் தாளைத் தமிழிலும் போடு என்றார் கடை முதலாளியான தவுக்கே. பேஸ்பாலை அவள் கண்டதேயில்லை. கேசட்டைப் போட்டு ஆடிக் காட்டியவன் ஐயாவு; அங்கே டிவி பழுதுபார்ப்பவன், செமோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். தோளைக் கொஞ்சம் அகலமாக்கலாமா?

(ஆக்கிவிட்டேன். வாசகிகள் கேட்பார்கள்.)

3

பந்தை அடித்தவன் மூன்று மூலைகளைத் தொட்டுவிட்டு, புறப்பட்ட இடத்துக்கே ஓடிவர வேண்டும். அந்த இடத்துக்கு ஆங்கிலத்தில் ‘ஹோம்’. அவள் ‘வீட்டுக்கு ஓடு’ என்று தட்டினாள்.

ஐயாவு சிரித்தான். “அடிச்சிட்டு வீட்டுக்கு ஓடவா? போலீஸ் கேஸ் மாதிரி இருக்குலா. எங்க தோட்டத்துல ஓடிப்பிடிச்சு விளையாடுறப்ப ஒரு எடம் வச்சிருப்போம். அங்க போயிட்டா யாரும் பிடிக்க முடியாது. அதான் தாச்சி. ‘தாச்சிக்கு ஓடு’ன்னு போடுங்க.”

“எங்கட வீட்டில தாச்சி எண்டால் பொரிக்கிற சட்டி.”

“அப்ப உங்க ஆளுங்க ஓடிப்போய் சட்டியில விழுவாங்களா?”

“முதல்ல சிரிக்கிறதை நிப்பாட்டுங்கோ, ஐயாவு.”

நிறுத்தினான். “வெள்ளிக்கெழம தாள் அச்சுக்குப் போவுது. அன்னைக்கே நான் கேட்டதுக்கும் பதில் சொல்லிடுங்க. நம்ம கல்யாணத்தப் பத்தி உங்க அப்பாகிட்ட வந்து பேசவா, வேணாமா?”

(இங்கே மழை பெய்தது. அந்த வரியை அடித்துவிட்டேன்.)

4

ஸ்கந்தராஜாவை வில்லனாக்க முயன்றேன். மனிதர் ஒத்துழைக்கவில்லை. “தோட்டத்துப் பெடியனைக் கட்டுறதெண்டால் கட்டு. பிறகு இந்த வீட்டுப் படி ஏறாதை” என்றார். சொன்ன கையோடு தன் மீன் துண்டை எடுத்து அவள் தட்டில் வைத்தார். இவரோடு எப்படிச் சண்டை போடுவது?

ஆக, ‘வீடு’ அப்பாவின் சொல். ‘தாச்சி’ ஐயாவுவின் சொல். எதை அச்சிட்டாலும் அதையே பதில் என்று எடுத்துக்கொள்வான்.

5

முடிவு அ: அப்பா அந்த விளையாட்டை ஆடிப்பார்த்து மனம் இளகி... அறுபது வயதில் பேஸ்பாலா?

முடிவு ஆ: இருவரும் கோப்பெங் பஸ் ஏறுகிறார்கள். ஏன் கோப்பெங்? எனக்குத் தெரிந்த பஸ் அதுதான்.

முடிவு இ: அவள் அழுகிறாள். (ஏழு பக்கம் முயன்றேன். அழமாட்டேன் என்கிறாள்.)

வெள்ளிக்கிழமை தாளை உருவி நீட்டினாள். தமிழ் தெரியாத தவுக்கே, “ஓகே லா” என்று கையெழுத்துப் போட்டார். ஐயாவு அவர் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தான்:

‘மூன்றாம் மூலையைத் தொட்டபின் எங்கே ஓடுவது என்பது ஆடுபவருக்குத் தெரியும்.’

“இது என்னங்க பதில்?”

“ஆடுறது ஆர்?”

“நீங்கதான்.”

“அப்ப எனக்குத் தெரியும்.”

கைப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். வேகமாகத்தான் நடக்கிறாள். அப்பா வீட்டுப் பக்கமா, ஐயாவு மோட்டார் சைக்கிளை நிறுத்தியிருக்கும் பக்கமா? நீங்களே கொஞ்சம் முன்னால் போய்ப் பாருங்கள். எனக்குச் செருப்பு அறுந்துவிட்டது.