நாற்பத்தோராம் வரி

பதிவேட்டின் நாற்பத்தோராம் வரியில் என் விரல் நின்றுவிட்டது. ‘தகவல் சொல்லியாச்சு’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு டிக். எழுத்து என்னுடையது. கடைசி எழுத்தின் வாலை அவ்வளவு நீளமாக இழுக்கிறவர் எங்கள் பிரிவில் வேறு யாரும் இல்லை.

நீண்ட நாள் புகைபிடித்தவர்களுக்கு, உடம்பில் ஒன்றும் தெரியாமல் இருக்கும்போதே நுரையீரலைப் படம் எடுத்துப் பார்க்கிற பிரிவு அது. நான் அங்கே கிளார்க். மாதம் எத்தனை பேருக்குப் படம் எடுத்தோம் என்று சுவரில் ஒரு பலகையில் எழுதிப் போடுவோம். புதிதாக வந்த டாக்டரம்மா அதைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “மூணு மாசம் கழிச்சு மறுபடி வாங்கன்னு சிலருக்குச் சொன்னோமே, அவங்கள்ல எத்தனை பேர் வந்தாங்க?”

யாருக்கும் தெரியவில்லை. பார்த்துச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. பழைய பதிவேடுகளை இரண்டு நாள் புரட்டினேன். அறுபத்திரண்டு பேரில் இருபத்து மூன்று பேர் வரவேயில்லை. சிலர் வீடு மாறியிருந்தார்கள். சிலருக்குக் கடிதமே போகவில்லை. ஒவ்வொருவருக்கும் காரணத்தைக் குறித்துக்கொண்டு வந்தபோது, உண்மையைச் சொன்னால், கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. மற்றவர்கள் விட்ட ஓட்டையை நான் அடைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் இந்த வரி வந்தது.

வெல்டர். வயது ஐம்பத்தெட்டு. வலது நுரையீரலின் மேல்பக்கம் ஏழு மில்லிமீட்டரில் கட்டிபோல ஒரு முடிச்சு. மூன்று மாதத்தில் மறுபடி படம் எடுக்க வேண்டும். முதல் படம் எடுத்தே பதினான்கு மாதம் ஆகியிருந்தது.

அந்த மதியம் ஞாபகத்துக்கு வந்தது. கவுண்டர் வரிசை வாசல்வரை நின்றது. அவருக்குப் போன் போட்டேன்; அடித்துக்கொண்டே இருந்தது, அவர் எடுக்கவில்லை. சாப்பிட்டுவிட்டு வந்து கூப்பிடலாம், இப்போதைக்கு வரியை முடித்து வைப்போம் என்று டிக் போட்டேன். சாப்பிட்டேன். கூப்பிடவில்லை.

‘போன் எடுக்கவில்லை’ என்று, அன்றே எழுதியதுபோல இப்போது சேர்த்து எழுதினால் யாருக்குத் தெரியப்போகிறது? பேனாவை எடுத்தேன். முதல் எழுத்தைக்கூட எழுதிவிட்டேன். புது மை பழைய மையின் பக்கத்தில் பளிச்சென்று நின்றது. அந்த ஒற்றை எழுத்தோடு பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு டாக்டரம்மா அறைக்கு ஓடினேன்.

அவர் வரியையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

“முதல்ல ஆளைப் பிடிங்க. மத்ததை அப்புறம் பேசலாம்.”

பழைய எண் உபயோகத்தில் இல்லை என்று போன் சொன்னது. விலாசத்தோடு பஸ் ஏறினேன். வேலை போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம் இருந்தது. ஆனால் நிறுத்தம் நெருங்க நெருங்க அது சின்னதாகிவிட்டது. பட்டறை பூட்டியிருந்தால்? அவருடைய மனைவி மட்டும் கதவைத் திறந்தால்? ‘அவர் இருக்காரா’ என்று எந்த முகத்தோடு கேட்பது? இறங்காமல் அப்படியே கடைசி நிறுத்தம்வரை போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது.

தெருமுனையிலேயே இரும்பு அறுக்கும் சத்தம் கேட்டது. சத்தம் வந்த பக்கமாக வேகமாக நடந்தேன். பட்டறையில் ஒரு ஜன்னல் கம்பிமேல் குனிந்திருந்தவர் முகமூடியை நெற்றிக்கு ஏற்றினார்.

“வாங்கம்மா. வாசல் கேட்டா, ஜன்னல் கிரில்லா?”

ஆஸ்பத்திரி என்றதும் சிரிப்பு நின்றது. உள்ளேயிருந்து அவருடைய மனைவி வந்தார். முடிச்சைப் பற்றிச் சொன்னேன். மூன்று மாதம் என்பதைச் சொன்னேன். எங்கள் பக்கம் ஒரு தவறு நடந்துவிட்டது என்றேன். என் வாயிலிருந்து அது ஏதோ மழை பெய்துவிட்டது என்கிற மாதிரி வந்தது.

“நீங்கதானே படம் எடுத்த அன்னிக்குச் சொன்னீங்க,” என்றார் அவர், கோபமே இல்லாமல். “ஒரு வாரத்துல போன் வரலேன்னா ஒண்ணுமில்லேன்னு அர்த்தம்னு.”

சொன்னேன்தான். எல்லோருக்கும் சொல்வேன். பயந்து போகிறவர்களுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று.

“அந்த ஒரு வாரம் இவர் சிகரெட்டத் தொடல,” என்றார் மனைவி. “போன் வரலேன்னதும் திரும்ப ஆரம்பிச்சார். டாக்டரே விட்டுட்டாங்க, உனக்கென்னடின்னு என்கிட்ட வாயடிச்சார். யார் பண்ண தப்புங்க அது?”

“நாளைக்குக் காலைல வந்துடுங்க, நான் வாசல்லயே நிக்கறேன்,” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். வரும்போது பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன்.

மறுநாள் படம் எடுத்தார்கள். டாக்டரம்மா பழையதையும் புதியதையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். எனக்குப் படம் பார்க்கத் தெரியாது. ஆனால் அன்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

“வளந்திருக்கு,” என்றார் கணவன் மனைவியிடம். “ஏழு இப்ப பன்னெண்டு. வேற எங்கயும் பரவின மாதிரி தெரியல. ஊசி வெச்சுக் கொஞ்சம் எடுத்துப் பாத்தாதான் இது என்னன்னு சொல்ல முடியும்.”

வெல்டர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். சட்டைப் பொத்தானை ஒன்று மாற்றி ஒன்றில் போட்டிருந்தார். இரண்டு நாளில் ஊசி வைத்து எடுத்தார்கள்; முடிவு வர ஒரு வாரம் என்றார்கள். ஊசி முடிந்து அவர்கள் கிளம்பும்போது நடைவழியில் வழிமறித்து நின்றேன். இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல மாட்டேன் என்று தெரிந்தது.

“பதிவேட்டுல உங்க பேருக்குப் பக்கத்துல டிக் போட்டது நான். கூப்பிட்டேன், நீங்க எடுக்கல. மறுபடி கூப்பிடாமலே சொல்லிட்டதா எழுதிட்டேன்.”

மனைவி என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை. அவர் என்னைப் பார்க்கவே இல்லை. அன்றும் மாறிப் போட்டிருந்த கணவரின் பொத்தான்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். வெல்டர் நடைவழிச் சுவரில் சாய்ந்துகொண்டார்.

“இந்தத் தடவை யாரு கூப்பிடுவா?” என்று கேட்டார்.

“நான்.”

“இவங்களா?” என்றார் மனைவி.

“கூப்பிடுங்க,” என்றார் வெல்டர். “ஒண்ணுமில்லேன்னாலும் கூப்பிடுங்க.”

புது எண்ணை எழுதிக்கொள்ளப் பேனாவைத் தேடினேன். மேசையிலேயே விட்டு வந்திருந்தேன். அவர் சட்டைப்பையைத் துழாவி, இரும்பில் அளவு குறிக்கிற சாக்பீஸ் துண்டு ஒன்றை எடுத்தார். என் கையிலிருந்த, படம் வைக்கிற பழுப்பு உறையைச் சுவரில் வைத்து, ஒவ்வொரு எண்ணையும் உள்ளங்கை அகலத்துக்கு எழுதினார். மனைவி உதட்டுக்குள் ஒவ்வொன்றாகப் படித்துச் சரிபார்த்தார். கடைசி எண் கை நடுக்கத்தில் கோணலாக விழுந்தது. அழுத்தி அதன்மேலேயே மறுபடி எழுதினார். அவர்கள் படியிறங்கிப் போன பிறகும், எங்கே அழிந்துவிடுமோ என்று, நான் உறையை எதன்மேலும் படாமல் இரண்டு விரலால் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நடைவழி நடுவில் நின்றிருந்தேன்.