மூன்றாவது குரல்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது ஒரு விளையாட்டு மலருக்காக என்னிடம் கேட்கப்பட்ட கதை. கேட்டவருக்கு என்னைத் தெரியாது போலிருக்கிறது. நான் வாழ்க்கையில் ஓடியதெல்லாம் அம்பத்தூர் ஸ்டேஷனில் லோக்கலைப் பிடிக்கத்தான். அதிலும் பாதி தோல்வி. ஹாக்கி மட்டை நுனியில் வளைந்திருக்கும் என்பதுவரை தெரியும். அந்த அறிவை முதலாகப் போட்டு உட்கார்ந்தேன்.

முதல் வரி இப்படி வந்தது: 'அந்திச் சூரியன் ஆவடி மைதானத்தின்மேல் குங்குமத்தைக் கொட்டி' — வேண்டாம். இதுவரை கொட்டிய குங்குமமே போதும்.

இரண்டாவது முயற்சி: 'அவளை யாராவது கூப்பிட்டால் உடனே திரும்ப மாட்டாள்.'

எழுதியவுடன் பிடரி சிலிர்த்தது. மின்விசிறியைக் குறைத்துவிட்டுத் தொடர்ந்தேன்.

2

வருஷம் 1945. உலகச் சண்டை ஓய்ந்திருந்தது. ஆவடிப் பட்டாள முகாமில் ஆஸ்பத்திரி நர்சுகளுக்குத் தண்ணீர் இறைத்துக் கொடுக்கும் வேலை, அம்பத்தூரை ஒட்டிய மேனாம்பேட்டுப் பெண் ஒருத்திக்கு. வயது பதினேழு. (பெயர் இருக்கிறது. இப்போது சொல்ல மாட்டேன். பிகு இல்லை, பயம்.) முகாமில் அவளை 'ஏ கேர்ள்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

நர்சுகள் சாயங்காலம் ஹாக்கி ஆடுவார்கள். கோட்டைத் தாண்டி வரும் பந்தை இவள் ஒரு பனைமட்டையால் திருப்பி அடிப்பாள். ஆடுகிறவர்கள் அடித்ததைவிட அது நேராகப் போகும். ஆங்கிலோ இந்திய நர்சும் அணியின் கேப்டனுமான ஐரீன் அதைக் கவனித்து வைத்திருந்தாள்.

அணியில் இடது கோடியில் ஆடிய மேவிஸ் மலேரியாவில் இறந்துபோனாள். கொழும்பில் இலங்கைப் பெண்களோடு ஆட்டம் ஏற்பாடாகி, பயண அனுமதியும் மேவிஸ் பேரில் வந்துவிட்டிருந்தது.*

(* அப்படியொரு ஆட்டம் நடந்ததா என்று தேடாதீர்கள். நான்தான் நடத்துகிறேன்.)

ஐரீன் செத்தவளின் பூட்ஸை இவள் கையில் கொடுத்தாள்.

"இனிமே நீ மேவிஸ். கூப்பிட்டா திரும்பணும். அவ்ளோதான் வேலை."

பூட்ஸ் அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது. (ஏன் பொருந்த வேண்டும்? பிறந்ததிலிருந்து செருப்பே போடாத கால். இந்த வரியை அடித்துவிட்டேன். மறுநாள் பார்த்தால் இருக்கிறது.)

3

அந்தத் 'திரும்பணும்'தான் சிக்கல். அவள் வளர்ந்த வீட்டில், பின்னாலிருந்து யார் கூப்பிட்டாலும் மூன்றாவது குரலுக்குத்தான் பதில். காத்து கருப்பு இரண்டு தடவைக்குமேல் கூப்பிடாதாம். அதற்குள் திரும்பிவிட்டால் கூடவே போக வேண்டியதுதான். அம்மா நாகம்மாள் இதைச் சோற்றோடு ஊட்டி வளர்த்திருந்தாள்.

ஹாக்கியில் இது எடுபடுமா? ஐரீன் 'மேவிஸ்' என்று கத்திப் பந்தைத் தள்ளுவாள். இவள் இன்னும் இரண்டு குரலுக்கு மரியாதையாகக் காத்திருப்பாள். அதற்குள் பந்து பருத்திப்பட்டுப் பக்கம் போய்விட்டிருக்கும். வாங்கிய திட்டெல்லாம் இங்கிலீஷில் இருந்ததால் முழுசாகப் புரியவில்லை என்பது ஒன்றே ஆறுதல்.

அப்புறம் அவளே ஒரு வழி கண்டாள். மேவிஸ் என்பது தன் பெயரே இல்லையே. அதற்கு ஒரே குரலில் திரும்பினால் தனக்கென்ன வரும்?

திரும்பினாள். பந்து மட்டையில் ஒட்டிக்கொண்டது. அவள் அடித்த கோல்களுக்கு ஐரீன் கைதட்டவில்லை. மேவிசும் இப்படித்தான் உதட்டைக் கடித்துக்கொண்டு அடிப்பாள் என்று மெதுவாகச் சொன்னாள். பிறகு ஆட்டம் முடியும்வரை இவள் கிட்டேயே வரவில்லை.

4

'பெயர் என்பது அடுத்தவர் வாயில் இருக்கும் நம் உடம்பு' என்று தொடங்கி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். ஆழமாகத்தான் இருந்தது. என் மனைவி படித்துவிட்டுத் தோசை ஊற்றப் போய்விட்டாள். ஆகவே நேரே கிணற்றடிக்கு.

உச்சி வெயில். அவள் குனிந்து பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். நாகம்மாள் குடத்தோடு வந்தவள், பின்னாலிருந்து பேர் சொல்லிக் கூப்பிட்டாள். மறுபடி கூப்பிட்டாள். மூன்றாவது குரலுக்கும் அந்த முதுகு அசையவில்லை. நாகம்மாளுக்கு என்னவோ தோன்றியது. குரலைத் தாழ்த்தி, மகள் சொல்லிக் கேட்டிருந்த அந்தச் சொல்லை ஒரே ஒரு தடவை சொன்னாள்.

"மேவிசு."

அவள் சட்டென்று திரும்பினாள். "இன்னாம்மா?"

நாகம்மாள் குடத்தைக் கீழே வைத்தாள். "மூணு வாட்டி கூப்ட்டேன்டி உன்ன."

"எங்க கூப்ட்ட? இப்பதான கூப்ட்ட."

"நீ போவாத. அந்தப் பொண்ணு பேர வெச்சிகினு கடல் தாண்டாத. தாண்டிட்டா நீ வரமாட்ட. அவதான் வருவா."

"பேருதாம்மா அவுளுது. காலு என்னுது."

நாகம்மாள் அந்தக் காலைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். வழியனுப்ப ஸ்டேஷனுக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

5

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

(அ) கொழும்பு போகிறாள், ஜெயிக்கிறாள். பிறகு ஊர் ஊராக ஆட்டம், கோப்பை, பத்திரிகையில் படம். வயதாகிச் சாகிறாள். ஒரே பெயரில் இரண்டு கல்லறை. பூ வைக்க வந்தவர்கள் எதன்முன் நிற்பதென்று தெரியாமல் — நிறுத்திவிட்டேன்.

(ஆ) போகவில்லை. மேனாம்பேட்டு வயலில் நாற்று நடுகிறாள். குனிந்திருக்கும்போதெல்லாம் வரப்பிலிருந்து யாரோ ஒரே ஒரு குரல் — இதையும் நிறுத்தினேன். அப்படி ஓடுகிற காலைச் சேற்றில் புதைக்க மனசு வரவில்லை.

ரயிலேற்றிவிட்டேன்.

6

ஆவடியில் ஏறினார்கள். மட்டைகள், பெட்டிகள், ஒரே சிரிப்பு. ரயில் அம்பத்தூரில் நின்றது. அவள் கதவோரம், பிளாட்பாரத்துக்கு முதுகைக் காட்டி நின்றாள். ஊரைப் பார்த்தால் இறங்கிவிடுவோமோ என்று பயம். கார்டு விசில் ஊதினார்.

பின்னாலிருந்து ஒரு குரல்.

"பொன்னியம்மா."

அதுதான் அவள் பெயர். அணியில் ஒருவருக்கும் தெரியாது, யாரும் கேட்டதில்லை. கொஞ்ச நாளாகக் காதிலேயே விழாமலிருந்த பெயர் இன்றைக்கு விழுந்துவிட்டது. அம்மாவின் குரல்தான். ஆனால் அம்மா வரமாட்டேன் என்றவள். அதுவுமில்லாமல், அந்தப் பெயரைச் சொல்லிப் பழகாத வாய் சொன்னதுபோல் கடைசியில் லேசான ஓர் இழுப்பு.

ரயில் அசைந்தது.

"பொன்னியம்மா."

அம்மாவாக இருந்தால் இன்னொரு தடவை கூப்பிடுவாள். மற்றதாக இருந்தால் கூப்பிடாது. கம்பியைப் பிடித்தபடி, உதட்டைக் கடித்துக்கொண்டு, அவள் காத்திருந்தாள்.

7

நான் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுகிறவன். குடியிருப்பது மேனாம்பேட்டில், வயலாக இருந்த இடத்தில் எழுந்த அடுக்குமாடியின் கடைசி மாடி. இந்தக் கதையைத் தொடங்கியதிலிருந்து சாயங்காலமானால் மொட்டைமாடியில் யாரோ ஓடும் சத்தம். பிள்ளைகள் என்று நினைத்திருந்தேன். நேற்று அந்தப் பெயரை இரண்டாவது தடவை சொன்னேன். ஓட்டம் நின்றது, என் தலைக்கு நேர் மேலே. பூட்ஸ் போட்ட கால்.

அதனால் மூன்றாவதை நான் சொல்லவில்லை. எழுதவுமில்லை. நான் கூப்பிட்டால் அது நாகம்மாள் கூப்பிட்டதாகுமா என்றும் தெரியவில்லை. ஆனால் பாவம், இத்தனை வருஷமாக நகரும் ரயிலின் கதவில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். கால் வலிக்காதா? அவளிடம் மிச்சமிருப்பதே அந்தக் கால்தான்.

உங்களுக்குப் பெயர் தெரியும். நல்ல மனசோடு ஒரே ஒரு தடவை கூப்பிட்டுவிடுங்கள். திரும்புகிறவளின் முகத்தைப் பார்த்து, வந்தது யாரென்று எனக்குச் சொன்னால் போதும். இந்த இடத்தில் எழுதிக்கொள்கிறேன்.

கூப்பிடுமுன் ஒன்று. இதைப் படித்துக்கொண்டிருந்தபோது உங்களைப் பின்னாலிருந்து யாரோ கூப்பிட்டார்களே, அது எத்தனையாவது தடவை?