ஏழாம் நம்பரின் மூச்சு

ஆய்விதழில் என் கட்டுரை வெளிவந்துவிட்டது என்று மின்னஞ்சல் வந்த அன்று, அப்பா சட்டையை மாற்றிக்கொண்டு வந்து என் கணினி முன்னால் உட்கார்ந்தார். அவருக்கும் அதில் பங்கு இருந்தது. சமையல் மேடைக்குக் கல் அறுக்கும் பட்டறையில் வேலை பார்த்தவர். பட்டறை ஆட்கள் மதிய இடைவேளையில் வரிசையாக நின்று, நுரையீரல் கருவியின் குழாயில் எனக்காக மூச்சை ஊதித் தந்தார்கள். அதுதான் என் முதுகலை ஆய்வு. எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். கல்தூசியைப் பற்றி எழுதாமல் நிலாவைப் பற்றியா எழுதுவேன்?

தலைப்பைச் சொடுக்கினேன். ஒரு பத்தி தெரிந்தது. அதற்குக் கீழே பூட்டுப் படம். மீதியைப் படிக்கக் காசு கட்டச் சொன்னது.

"என்னம்மா இது?"

"பூட்டுப்பா."

"உன் கட்டுரதான?"

"ஆமா."

"ஊதினது நாங்க. எழுதினது நீ. பூட்டு எவனுது?"

அம்மா உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "சாவியத் தொலைச்சிருப்பா. வண்டிச் சாவியவே ஒழுங்கா வெக்கத் தெரியாதவ."

எங்களுக்கு அது விளையாட்டு இல்லை. இருமல் முற்றி அப்பா வேலையை விட்டிருந்தார். நோய் பட்டறையால் வந்தது என்று மருத்துவக் குழு ஒத்துக்கொண்டால் மாதாமாதம் உதவித்தொகை உண்டு. இல்லையென்றால் கிடையாது. குழு அடுத்த மாதம் கூடவிருந்தது. காட்ட எங்களிடம் இருந்தது இந்தக் கட்டுரை ஒன்றுதான்.

பல்கலைக்கழக நூலகத்துக்குப் போனேன். நூலகர் அக்கா என் முகத்தைப் பார்த்ததுமே கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"அந்தப் பதிப்பகத்தோட இதழ்களுக்குச் சந்தா கட்டுறத இந்த வருஷம் நிறுத்திட்டோம். விலைய ஏத்திக்கிட்டே போறான். உன் கட்டுர உனக்கே திறக்காது. ஆமா, எல்லாருக்கும் திறந்து போட எழுதினவங்கதான் காசு கட்டணும், ஆனா நம்மள மாதிரி இடத்துக்கு அதுல விலக்கு இருக்கே. கேட்டிருந்தா எல்லாரும் படிக்கிற மாதிரி சும்மாவே போட்டிருப்பானே?"

எனக்குத் தெரியாது. இதழோடு கடிதம் எழுதியதெல்லாம் என் நெறியாளர். அவர் அறைக்குப் போய்க் கேட்டேன்.

"விலக்கா? அதெல்லாம் கையேந்துறவங்களுக்கும்மா. நம்ம துறைக்குன்னு ஒரு கௌரவம் இருக்கு."

"அதனால பூட்டிட்டீங்களா சார்?"

"நல்ல இதழ்ல வந்திருக்கில்ல? அத நெனச்சு சந்தோஷப்படு."

சந்தோஷப்படப் பார்த்தேன். வரவில்லை. கோபமும் வரவில்லை. நடந்து வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் நூலகர் அக்கா ஒரு வழி சொன்னார். இதழ் ஏற்றுக்கொண்ட என் தட்டச்சுப் பிரதி என்னுடையதுதான். அதைப் பல்கலைக்கழகத்தின் இணையக் களஞ்சியத்தில் போடலாம். போட்டால் பல்கலைக்கழகத்தின் பெயரோடும் இதழின் பெயரோடும் நிலையான முகவரி கிடைக்கும், யாரும் திறந்து படிக்கலாம். ஆனால் ஒப்பந்தப்படி ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும். அப்பாவின் நுரையீரல் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை. என்றாலும் போடாமல் காத்திருந்தேன். படித்த பெண், விதிப்படி நடக்க வேண்டுமாம்.

குழு கூடிய அறையில் ஏசி குளிர்ந்தது. அப்பா இருமலை அடக்கி அடக்கி, கண்ணில் நீர் கோர்த்து உட்கார்ந்திருந்தார். தட்டச்சுப் பிரதியை நீட்டினேன். தலைவர் புரட்டினார்.

"இதுல இதழோட பேரே இல்லையே. ஓரத்துல வரி நம்பர் வேற. இத யார் வேணா டைப் அடிச்சிட்டு வரலாம். எங்க வந்திருக்குன்னு திறந்து காட்டுங்க."

அவர்கள் கணினியிலேயே திறந்து காட்டினேன். பூட்டு.

பட்டறைக் கம்பெனியின் டாக்டர் தொண்டையைச் செருமினார். அவரிடம் அச்சான பிரதி இருந்தது. கம்பெனி சந்தா கட்டுகிறது. "இவங்களே எழுதியிருக்காங்க சார்," என்று ஒரு வரியை வாசித்தார். "'பங்கேற்றவர்களில் சிலருக்குப் புகைப்பழக்கம் இருந்தது.'"

"நான் சிகரெட்டத் தொட்டதே இல்லைங்க," என்றார் அப்பா.

"ஆய்வே சொல்லுதே பெரியவரே."

"அடுத்த பக்கத்துல அட்டவண இருக்கு," என்றேன். "யாருக்குப் பழக்கம் இருந்துச்சு, யாருக்கு இல்லன்னு ஒவ்வொரு ஆளுக்கும் போட்டிருக்கேன். என் பிரதிய நம்பலன்னா, உங்க பிரதியிலருந்தே அதையும் காட்டுங்க."

"தேவையான பக்கத்த மட்டும்தான் கொண்டு வந்தேன்."

"முழுசும் உங்ககிட்ட இருக்குல்ல?"

அவர் பக்கத்தின் அடியில் விரலை வைத்தார். கம்பெனி பெயரைப் போட்டு, இவர்களின் பயன்பாட்டுக்கு மட்டும் என்று பொடி எழுத்தில் இருந்தது. "மத்தவங்களுக்குக் குடுக்க அனுமதி இல்லம்மா. பதிப்புரிமை. உங்களுக்குத் தெரியாததா?"

போதிய ஆதாரம் இல்லை என்று எழுதிக் கையெழுத்திட்டார்கள். பேனா நன்றாக எழுதியது. அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்ததும் அப்பா அடக்கி வைத்ததையெல்லாம் இருமித் தீர்த்தார். பிறகு, "நாளைக்கு ரேடியோவோட முறை," என்றார். பட்டறையில் வாய் ஓயாமல் பேசுகிறவருக்கு அப்படி ஒரு பட்டப்பெயர். இப்போது இரண்டு வார்த்தைக்கு ஒரு முறை மூச்சு வாங்குகிறார்.

அப்பாவையும் கூட்டிக்கொண்டு நேராக நூலகத்துக்குப் போனேன்.

"அக்கா, இப்பவே போடணும்."

"ஒரு வருஷம் ஆகலியே. பதிப்பகத்துலருந்து கடிதம் வரும். உன் நெறியாளர் வேற குதிப்பார்."

"குதிக்கட்டும்."

அக்கா அப்பாவைப் பார்த்தார். அப்பா நாற்காலி நுனியில், அமைதி காக்கவும் என்ற பலகைக்குக் கீழே, வாயைத் துண்டால் பொத்தியபடி உட்கார்ந்திருந்தார். அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"நல்லா இருமுங்கண்ணே, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க." என் பக்கம் திரும்பினார். "கேட்டா வருஷத்தத் தப்பாப் போட்டுட்டேன்னு சொல்லிக்கிறேன். நூலகக்காரி தப்புப் பண்ணா எவனும் ஆச்சரியப்பட மாட்டான்."

நான் ஏற்றினேன். அவர் ஒப்புதல் பொத்தானை அழுத்தினார். எனக்குள் ஒன்றும் நடக்கவில்லை. திரையில் ஒரு முகவரி வந்தது.

அதை அப்பாவின் கைபேசியில் திறந்தேன். பூட்டு இல்லை. அவர் பக்கம் பக்கமாகத் தள்ளி, அட்டவணையில் நின்றார்.

"எங்க பேரு போடலியா?"

"போடக் கூடாதுப்பா. நம்பர்தான்."

"இதுல நான் எது?"

"ஏழு."

ஏழாம் வரிசையில் விரலை வைத்து மெல்ல நகர்த்தினார். வயது. வேலை செய்த ஆண்டுகள். புகைப்பழக்கம்: இல்லை. விரல் அங்கேயே நின்றது.

"நேத்தே போட்டிருக்கலாம்ல," என்றார். குற்றம் சொல்கிற குரலில் இல்லை. பஸ் போய்விட்டதைச் சொல்வது போல.

நான் அட்டவணையைக் கொஞ்சம் கீழே தள்ளினேன்.

"ரேடியோ எது?"

"பதினொண்ணு."

அப்பா எழுந்து, கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு, நூலகத்தின் நடுவில் நின்றே சத்தமாகப் பேசினார்.

"டேய், நீ பதினொண்ணுடா. முகவரி அனுப்புறோம். நாளைக்கு எந்தப் பக்கத்தக் காட்டுறான்னு பாரு. அதுக்கு அடுத்த பக்கத்தத் திறக்கச் சொல்லு."