பின்னால் ஒரு நாற்காலி

மனைவிக்குக் கடைசியாக உடுத்திவிட, அவள் துப்பாக்கிப் பயிற்சிக்குப் போட்டுப்போகும் சட்டையைத் தையல்காரர் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். வலது தோளில் மட்டும் கால் அங்குலம் கூடுதல். பதினோரு வருஷம் ஞாயிறு தவறாமல் கைத்துப்பாக்கியை நீட்டிப் பிடித்து நின்றதில் அந்தத் தோள் திரண்டுவிட்டது. அது அளவு நாடாவுக்குத் தெரியும், அவருக்குத் தெரியும்.

"குடுங்க மாமா, நான் தேய்க்கிறேன்" என்றான் மச்சினன்.

"நீ தேய்ச்சா காலர் கருகிடும். உங்கக்கா திட்டுவா." சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். மூன்றே நாள் காய்ச்சல். நேற்று சாயங்காலம் ஆஸ்பத்திரியில் முடிந்துவிட்டது.

துப்பாக்கிப் பயிற்சிக் கூடத்துக் கோச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். கையில் ஒரு அட்டைக் கட்டு.

"டெய்லரம்மா சுட்ட அட்டைங்கண்ணே. உங்ககிட்ட இருக்கட்டும்."

முதல் வருஷத்து அட்டையில் கோழி கிளறியது போல ஓட்டைகள். எல்லாமே கீழே, இடது பக்கமாக.

"விசையை வெடுக்குனு இழுப்பாங்க. எவ்வளவு சொன்னாலும் கை கேக்காது. பட்டன் தைக்கிற நூலை இழுக்கிற மாதிரி இழுன்னு நீங்க சொன்னீங்களாமே? அதுக்கப்புறம் பாருங்க."

கடைசி அட்டை. பத்து ஓட்டையும் ஒரு கோட்டுப் பட்டனுக்குள் அடங்கிக் கிடந்தது.

"நீங்க ஒரு தடவைகூட வரலையேண்ணே."

"வெடிச் சத்தம் எனக்கு ஆகாது சார். நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும்."

"வெடியா? அது காத்துத் துப்பாக்கிண்ணே. உங்க தையல் மிஷின் இதைவிட அதிகமா கத்தும்."

அவளும் அதைத்தான் சொன்னாள். 'சத்தமே இல்லைங்க, சும்மா வாங்க.' ஆளை இழுத்துப்போகப் பசப்புகிறாள் என்று நினைத்திருந்தார்.

"அவங்க நிக்கிற இடத்துக்குப் பின்னால ஒரு நாற்காலி இருக்கும். வந்ததும் அதுல பையை வச்சிடுவாங்க. யாராவது உக்கார வந்தா, 'ஆள் வருது'ம்பாங்க."

"எந்த ஆளு?" என்றான் மச்சினன்.

தையல்காரர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். சட்டையை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார். வெளியே யாரோ வண்டி வந்துவிட்டது என்றார்கள்.

எல்லாம் முடிந்து மயானத்திலிருந்து திரும்பும்போது, வண்டியைப் பயிற்சிக் கூடத்துப் பக்கம் விடச் சொன்னார்.

"இப்பவா மாமா? வீட்டுல எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க."

"அஞ்சு நிமிஷம்டா."

நீளமான கூடம். கூடவே வந்த கோச் கை காட்டிய இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு கால் லேசாக ஆடியது. உட்கார்ந்தார். அவருக்கு முன்னால் அவள் நிற்கும் இடம் காலி. பக்கத்து இடத்தில் நர்ஸ் உடையில் ஒரு பெண் துப்பாக்கியை நீட்டி, மூச்சைப் பாதியில் நிறுத்தியிருந்தாள். தையல்காரர் நாற்காலி விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டார்.

டக்.

மேசையிலிருந்து கத்தரி விழுந்தால் இதைவிடச் சத்தம் வரும்.

"இவ்வளவுதானாடா?"

"இவ்வளவுதான் மாமா."

அவர் பிடியைத் தளர்த்தவில்லை. பத்து முறை சுட்டாள். பத்தாவது முடிந்ததும் அந்தப் பெண் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு, பின்னால் திரும்பி யாரையோ தேடினாள்.

தன்னைத்தான் தேடுகிறாள் என்பதுபோலத் தையல்காரர் எழுந்து நின்றார்.