பெரட்டில் வாசித்த கடிதம்

ஜீவராணியின் புருஷனைத் தப்பவிட்டது வேறு யாருமல்ல, நோர்வூட் பக்கத்துத் தோட்டமொன்றின் கிளாக்கர் யோகேஸ்வரனேதான். அதுவும் கைதட்டல் வாங்கிக்கொண்டு தப்பவிட்டார்.

லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் தோட்ட ஆட்களுக்கு வரும் தபாலெல்லாம் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும். காலைப் பெரட்டில் ஆட்கள் வேலைக்குப் பெயர் கொடுக்க நிற்கும்போது அவர் கூப்பிட்டுக் கொடுப்பார். சிங்களக் கடிதமென்றால் தானே உடைத்துத் தமிழில் சொல்லியும் விடுவார். அப்படிச் செய்யச் சொல்லி யாரும் கேட்டதில்லை. அரசாங்கச் சிங்களம் இந்த மலையில் தன்னைவிட்டால் யாருக்குப் புரியும் என்றொரு நினைப்பு. அன்றைக்கு வந்தது கோர்ட் கடிதம்.

"ஜீவராணி! ஒம் புருசன் ஆப்புட்டுட்டான்! வத்தளையில சாக்குக் கம்பனியில நிக்கிறானாம். பிள்ளைச் செலவு வழக்குக்கு அங்கேயே ஆள் அனுப்பப் போறாங்களாம்!"

பெரட்டே கைதட்டியது. தட்டாத ஒரே ஆள் அவள் புருஷன் கிஷாந்தின் அண்ணன் அழகன். அவன் கையில் போன் இருந்தது.

கோர்ட் ஆள் வத்தளைக்குப் போனபோது கிஷாந்த் அங்கே இல்லை. நாலு வயது மகளை எட்டிப் பார்க்காதவனைக் கண்டுபிடிக்க ஜீவராணி இரண்டு வருஷம் அலைந்தாள். அவனை ஓடவைக்க யோகேஸ்வரனுக்கு அரை நிமிஷம் போதுமாயிருந்தது.

அடுத்த தவணைக்குக் கோர்ட்டுக்குப் போய் வெறுங்கையோடு திரும்பியவள், நேரே ஆபீசுக்கு வந்தாள்.

"ஏங் கிளாக்கரய்யா, எங் கடுதாசிய ஒடைக்கச் சொல்லி ஒங்களுக்கு யாரு சொன்னா?"

"சிங்களத்துல இருந்துச்சும்மா..."

"எங் கதவு பூட்டியிருந்தாலும் ஒடைச்சுக்கிட்டு வந்து படிச்சுக் காட்டுவீங்களோ?"

மறுநாள் யோகேஸ்வரன் லீவு போட்டுவிட்டு அவளோடு டவுனுக்கு பஸ் ஏறினார். கிஷாந்த் எங்கே வேலைக்குச் சேர்ந்தாலும் ஈ.பி.எப். சேமலாப நிதிப் பதிவில் அந்தக் கம்பனியின் பெயர் ஏறத்தானே வேண்டும்?

தொழில் காரியாலயத்தில், "பே, மாத்தயா" என்றார்கள். முடியாதாம். ஒருவருடைய தகவல் இரகசியமாம். பிரதேச செயலகத்துக்குப் போகச் சொன்னார்கள். அங்கே கிராம சேவகரைக் கேட்கச் சொன்னார்கள். கிராம சேவகரோ தொழில் காரியாலயத்துக்கே திருப்பிவிட்டார். இருக்கிறது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை, ஒருத்தரும்.

திரும்பி வந்து நின்றபோது கவுண்டர்க்காரன் உள்ளே பார்த்துக் கத்தினான்: "அந்தப் புருசன் விட்டுட்டுப் போன கேஸ் திரும்ப வந்திருக்கு!"

வரிசையே திரும்பி ஜீவராணியைப் பார்த்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். யோகேஸ்வரனுக்கு இரத்தம் கொதித்தது. பெற்ற பிள்ளையை விட்டு ஓடியவனுக்கு மட்டும் இரகசியம், பிள்ளையைத் தூக்கி வளர்க்கிறவளுக்கு ஒலிபெருக்கியா? அந்த வாயை ஒரு அறை அறையலாம் போலிருந்தது. அந்த வாயை எங்கேயோ பார்த்த ஞாபகமும் வந்தது. காலையில் சவரம் செய்யும்போது கண்ணாடியில் பார்த்த வாய். அது தெரிந்ததும் கோபம் இரட்டிப்பானது.

கவுண்டரில் ஓங்கிக் குத்தினார். கைதான் வலித்தது.

"அவன் எங்க வேல செய்யிறான்னு ஒங்க கம்பியூட்டர்ல இருக்கா, இல்லையா? ரெண்டுல ஒன்னச் சொல்லித் தொலைங்க!"

உள்ளறையிலிருந்து மெரினா என்ற அதிகாரி வந்தாள். "நீங்க இந்த அக்காவுக்கு யாரு?"

அவர் வாயைத் திறக்குமுன் ஜீவராணி சொன்னாள்: "பழைய வெலாசத்தப் பெரட்டுல படிச்சு அவன ஓடவிட்டவரு, மிஸ்."

மெரினா அவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு ஜீவராணியை மட்டும் உள்ளே கூப்பிட்டு, வழக்கு நம்பரைத் தாளில் எழுதி வாங்கினாள். கம்பியூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு வாசலுக்கு வந்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"இருக்கு. இந்த மாசம் புதுக் கம்பனி பேர் ஏறியிருக்கு. ஒங்களுக்குச் சொல்ல மாட்டேன். அக்காவுக்கும் என்னால சொல்ல ஏலாது. கோர்ட் எழுதிக் கேக்கட்டும், அன்னைக்கே கவர்ல ஒட்டி நேரா நீதவானுக்கு அனுப்புறேன். அந்தக் கடிதம் ஒங்க தோட்டத்துப் பக்கமே வராது, ஐயா."