சொடக்கு டாக்டரும் லவோனின் கழுத்தும்

எங்கள் ஹோல்டன் ஊர்க் கடைத்தெருவில் லவோன் டைக்ஸ்ட்ராவின் பார்லருக்கும் டாக்டர் ஓரின் புரூயிட்டின் வைத்திய அறைக்கும் நடுவில் இருந்தது ஒற்றைப் பலகைச் சுவர்தான். முன்பு இரண்டும் சேர்ந்து ஒரே தீவனக் கடை. கட்டடத்துக்காரர் நடுவில் பலகையை அடித்து, இரண்டு பக்கமும் பெயிண்ட் பூசி, இரண்டு வாடகை வாங்க ஆரம்பித்துவிட்டார்.

புரூயிட் இங்கே வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அதற்கு முன் ரயில்வேயில் சரக்குப் பெட்டிகளைக் கோத்துவிடும் வேலை. அதில் இடுப்பு பிடித்துக்கொண்டு, டாவன்போர்ட்டில் முதுகெலும்பைக் கையால் அழுத்திச் சரிசெய்கிற ஒரு கைரோபிராக்டரிடம் போய்ச் சரியாகி, அந்த வைத்தியத்தின்மேலேயே ஆசை வந்து, நாற்பது வயதுக்குமேல் அங்கேயே தங்கிப் படித்துவிட்டு வந்தவர். வாட்டசாட்டமான ஆள். உள்ளங்கை ஒவ்வொன்றும் முறம் அகலம். பேச்சு மட்டும் ரொம்பக் குறைவு. முதுகைப் பிடித்துக்கொண்டு விவசாயிகள் அவரிடம் போனார்கள். பன்றிப் பண்ணைக்காரர்கள் போனார்கள். பெண்கள் யாரும் போகவில்லை. அதற்குக் காரணம் லவோன்.

லவோன் மனசில் கெடுதல் கிடையாது. வாய்தான் கொஞ்சம் நீளம். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து 'டக்' என்று ஒரு சத்தம் வரும். பின்னாலேயே யாரோ ஓர் ஆண் 'ஆ' என்று முனகுவான். உடனே லவோன் சீப்பை நிறுத்திவிடுவாள்.

"கேட்டீங்களா? இன்னொருத்தர் போயாச்சு. கோழிக் கழுத்தத் திருகுற மாதிரில்ல திருகுறாரு அந்தச் சொடக்கு டாக்டர்! நம்ம கழுத்து நமக்கு வேணும்ப்பா."

முடி காயவைக்கிற டிரையருக்கு அடியில் தலையை விட்டு உட்கார்ந்திருக்கும் பெண்களுக்கு அந்த இரைச்சலில் தங்கள் குரல் தங்களுக்கே கேட்காது. அதனால் கத்தித்தான் பேசுவார்கள். அவர்களில் பெரிய தொண்டை ஆர்டித் கோல்புடையது. அறுபது வயசு, ஆறடி உயரம், தேவாலயத்தில் பெண்கள் சங்கத் தலைவி.

"ஆமா லவோன்! அந்தக் கைக்கு என் கழுத்தக் குடுக்கறதுக்கு டிராக்டர் அடியில வெச்சிடலாம்!" என்று அவர் கத்தினால் எதிர்க் கடையில் நிற்கிறவன் திரும்பிப் பார்ப்பான்.

அறுபத்தாறாம் வருஷத்து ஈஸ்டர் வாரத்தில் லவோனுக்கே கழுத்து பிடித்துக்கொண்டது.

அவளுக்குத் தோள்வலி புதிது இல்லை. பதினெட்டு வருஷமாகக் கையைத் தூக்கியபடி, தலையை ஒரு பக்கம் சாய்த்தபடி, அடுத்தவர் தலையில் முடியைச் சுருட்டும் கர்லர் சுற்றுகிற பிழைப்பு. சாயங்காலம் ஆனால் கழுத்தின் அடியில் யாரோ செங்கல்லை வைத்தமாதிரி இருக்கும். தைலத்தைத் தேய்த்துக்கொண்டு படுத்துவிடுவாள். ஆனால் அந்த வியாழக்கிழமை காலையில் எழுந்தபோது தலை இடது பக்கம் திரும்ப மறுத்தது. வலது கையைத் தோளுக்குமேல் தூக்கினால் கண்ணில் பூச்சி பறந்தது. ஊரில் அத்தனை பெண்களுக்கும் ஞாயிற்றுக்கிழமைக்குள் கொண்டை வேண்டும். அந்த வருஷம் எல்லாருக்கும் தேன்கூடு மாதிரி உயரமான கொண்டைதான் வேண்டும். அது கையைத் தூக்காமல் நடக்கிற காரியமா?

காலையில் மூன்று தலைகளைப் பல்லைக் கடித்துக்கொண்டு முடித்தாள். நான்காவதாக ஆர்டித் வந்தார்.

"என்னடி, என்னையப் பாக்காம ஜன்னலயே பாத்துப் பேசுற? கோவமா?"

"கோவமெல்லாம் இல்ல. வெளிச்சம் பாக்கறேன்" என்றாள் லவோன்.

எப்படியோ கர்லர்களைச் சுற்றி, வலையைக் கட்டி, ஆர்டித்தை டிரையருக்கு அடியில் உட்காரவைத்தாள். கையில் ஒரு பத்திரிகையைக் கொடுத்தாள். அந்தத் தலை காய முக்கால் மணி நேரம் ஆகும். அதற்குள் போய் வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டாள். "பின்னாடி துண்டு காயப்போட்டுட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுப் பின்கதவு வழியாகச் சந்தில் இறங்கினாள். யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்க்க வேண்டும், கழுத்து திரும்பவில்லை. முழு உடம்பையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, புரூயிட்டின் பின்கதவைத் தட்டினாள்.

அவர் அப்போது சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்தார். ஒன்றும் ஆச்சரியப்படவில்லை.

"உக்காருங்க. இடது பக்கம் திரும்பலியா?"

"எப்படித் தெரியும்?"

"வாசல்ல நுழையறப்ப சுவத்தோட பேசற மாதிரி வந்தீங்களே."

அவர் அவசரப்படவில்லை. கேள்வியாகக் கேட்டார். எங்கேயாவது விழுந்தீர்களா, விரல் மரத்துப்போகிறதா, தலை சுற்றுகிறதா, கையில் பிடித்த சாமான் நழுவுகிறதா. தன் விரல்களை அழுத்திப் பிடிக்கச் சொன்னார். ஒரு சின்ன ரப்பர் சுத்தியால் முழங்கையில் தட்டினார். எல்லாவற்றுக்கும் லவோன் இல்லை, இல்லை என்று பதில் சொல்லிக்கொண்டே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"நல்லது. மரத்துப்போகுதுன்னு சொல்லியிருந்தீங்கன்னா இங்க தொடவே மாட்டேன், நேரா ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பேன். இது மூட்டு இறுகிப்போயி, தசை பிடிச்சிருக்கு. குப்புறப் படுங்க."

"ஒண்ணே ஒண்ணு டாக்டர். கழுத்தத் திருகக் கூடாது."

"திருகப்போறதில்ல. கோழியத் தவிர யாரு கழுத்தையும் நான் திருகறதில்லீங்க."

அவர் முகத்தில் சிரிப்பே இல்லை. லவோனுக்குக் காது மடல் சிவந்துவிட்டது. அப்போதுதான் அந்தப் பக்கத்திலிருந்து ஆர்டித்தின் குரல் மணி அடித்தமாதிரி கேட்டது. "லவோன்! இந்தப் பத்திரிகையில போட்டிருக்கற பாவாட ரொம்பக் குட்டைடி!"

மேசையில் குப்புறப் படுத்திருந்த லவோன் மெதுவாகக் கேட்டாள்.

"எல்லாமே கேக்குமா?"

"டிரையர் ஓடினா எல்லாமே."

"ரெண்டு வருஷமாவா?"

"ரெண்டு வருஷமா."

இரண்டு வருஷத்தில் தான் என்னவெல்லாம் சொல்லியிருப்போம் என்று லவோன் யோசித்துப் பார்த்தாள். யோசிக்க யோசிக்க முகம், மூச்சுவிட மேசையின் தலைமாட்டில் வெட்டியிருந்த ஓட்டைக்குள் இன்னும் ஆழமாக இறங்கியது. பாதிரியார் மனைவியின் பொய்ப்பல், பாங்க் மேனேஜரின் மச்சினன், யாருடைய பெண் யாரோடு கார் ஏறினாள் என்கிற விவரம். இத்தனையும் இந்த மனிதர் காதில் விழுந்திருக்கிறது. ஆனால் ஒரு வார்த்தைகூட ஊரில் திரும்பி வந்ததில்லை.

"ஏன் ஒரு தடவகூட வந்து சண்ட போடல?"

"எனக்கு ஆர்டித் அம்மாகிட்ட ஒரு சந்தேகம்தான் கேக்கணும்" என்றார் புரூயிட். சூடான துண்டை அவள் தோளில் போட்டார். "ஒரு நாள் மீனும் நூடுல்ஸும் சேத்து ஓவன்ல வேகவெக்கிறது எப்படின்னு சொன்னாங்க. எவ்வளவு நேரம்னு சொல்ற எடத்துல டிரையர் நின்னுபோச்சு, அவங்க குரலும் எறங்கிப்போச்சு. ரெண்டு தடவ கருக்கிட்டேன்."

லவோன் சிரித்தாள். சிரித்ததில் தோள் வலித்தது. வலியில் "அய்யோ" என்றாள். அந்தச் சிரிப்பில் உடம்பு கொஞ்சம் தளர்ந்ததை அவர் கவனித்திருக்க வேண்டும். கட்டைவிரலால் தோள்பட்டையின் மேல் விளிம்பை மெல்ல அழுத்திக்கொண்டே போனார். முறம் அகலக் கை இவ்வளவு இலேசாக இருக்குமென்று அவள் நினைத்ததே இல்லை. ரொட்டி மாவைப் பதம் பார்க்கிறவர் தொடுகிறமாதிரி தொட்டார். பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் நடுமுதுகில் வைத்தார்.

"மூச்ச இழுங்க. இப்ப விடுங்க."

டக்.

வலிக்கவில்லை. அதை அவள் பின்னால் நூறு பேரிடம் சொல்லியிருக்கிறாள். ஆனால் எதிர்பாராத சத்தம். அதுவும் தன் முதுகிலிருந்து வந்த சத்தம். லவோன் வீலென்று அலறிவிட்டாள்.

டிரையர் ஓடினாலும் சில அலறல்கள் கேட்கும். அந்தப் பக்கம் நாற்காலி கீழே விழுந்தது. வாசல் மணி கிணுகிணுத்தது. அடுத்த நிமிஷம் புரூயிட்டின் முன்கதவு படாரென்று திறந்தது. தலை முழுக்க இளஞ்சிவப்புக் கர்லர், மேலே வலை, கழுத்தில் பிளாஸ்டிக் துணி, கையில் மரப்பிடி போட்ட பெரிய பிரஷ். ஆர்டித் கோல்ப் ஆறடி உயரத்துக்கு நின்றார்.

"கைய எடுய்யா! யாரு கழுத்த முறிச்சே?"

மேசையின் ஓட்டைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "ஆர்டித், நான்தான்."

ஆர்டித் குனிந்து காலணியைப் பார்த்தார். அடையாளம் தெரிந்துவிட்டது.

"லவோன்! துண்டு காயப்போடறேன்னு சொன்ன?"

"நானே துண்டு மாதிரிதான் கெடக்கறேன், பாக்கலியா?"

"எழுந்திரு. உயிரோடதான இருக்க? தலையத் திருப்பிக் காமி."

லவோன் எழுந்து உட்கார்ந்தாள். பயந்து பயந்து இடது பக்கம் திருப்பினாள். முழுசாக வரவில்லை, பாதி வந்தது. காலையில் அந்தப் பாதியும் இல்லை. ஜன்னல், பிறகு கடிகாரம், பிறகு கர்லர் போட்ட ஆர்டித்தின் முகம் என்று ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது.

"இதுக்குமேல இன்னிக்கு வேண்டாம்" என்றார் புரூயிட். "சனிக்கிழம ஒரு தடவ வாங்க. அதவிட முக்கியம், நீங்க வேல செய்யறத நான் பாக்கணும். நான் இங்க சரிபண்ணி அனுப்ப, நீங்க அங்க போய்க் கெடுத்துக்கிட்டா பிரயோஜனமில்ல."

"அப்ப இப்பவே வாங்க" என்றார் ஆர்டித். "என் தல பாதியில நிக்குது."

மூன்று பேரும் முன்வாசல் வழியாகவே வந்தார்கள். இனி ஒளிக்க என்ன இருக்கிறது? எதிர்க் கடைக்காரன் வேலையைவிட்டு நின்று பார்த்தான். லவோனின் பார்லருக்குள் ஆண்பிள்ளை காலெடுத்து வைத்தது அதுதான் முதல் தடவை. புரூயிட் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மூலையில் நின்றார்.

லவோன் கர்லர்களைக் கழற்ற ஆரம்பித்தாள். ஆர்டித் நாற்காலியில் உட்கார்ந்தால் அவர் உச்சி லவோனின் மூக்குக்கு வரும். முழங்கை காதளவுக்குப் போனால்தான் சீப்பு எட்டும்.

"அந்த நாற்காலி கீழ எறங்காதா?"

"எறங்கும். பம்பு ரெண்டு வருஷமா மக்கர் பண்ணுது."

அந்த நேரம் பார்த்து டெலிபோன் அடித்தது. லவோன் ரிசீவரை எடுத்து இடது காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, "லவோன் பார்லர். ஆமாங்க, சனிக்கிழம நாலு மணிக்கு" என்று பேசியபடியே இரண்டு கையாலும் வாரினாள்.

"போதும்" என்றார் புரூயிட். "ஒரு நாளைக்கு எத்தன தடவ அடிக்கும்?"

"ஈஸ்டர் வாரத்துல நிக்கவே நிக்காது."

அவர் தன் அறைக்குப் போய் எண்ணெய்க் குப்பியும் ஸ்பானரும் எடுத்துவந்தார். தரையில் மண்டிபோட்டு உட்கார்ந்து, ரயில் பெட்டியைப் பழுதுபார்க்கிற மும்முரத்தோடு பம்பைக் குடைந்தார். ஆர்டித் இறங்காமல் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். திடீரென்று நாற்காலி புஸ்ஸென்று அரையடி கீழே இறங்கியது. "யேசுவே!" என்று ஆர்டித் கத்தினார். லவோன் சீப்பை வைத்துப் பார்த்தாள். முழங்கை நெஞ்சளவில் நின்றது. குனியவும் வேண்டாம், எட்டவும் வேண்டாம்.

"இவ்வளவுதானா?" என்றாள்.

"பாதி இதுதான். மீதி அந்தப் போன்."

"அந்தப் போன நான் பாத்துக்கறேன்" என்றார் ஆர்டித்.

அதுதான் வினையாகிப்போனது, அல்லது விசேஷமாகிப்போனது. வெள்ளி, சனி இரண்டு நாளும் ஆர்டித் டெலிபோன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். யார் கூப்பிட்டாலும் நேரம் குறித்துக்கொள்வதற்கு முன் செய்தி வாசித்தார்.

"ஆமா, அவளேதான். அந்தச் சொடக்கு டாக்டர்கிட்ட. நான் என் கண்ணால பாத்தேன்! இல்ல, முறியல. நல்லாத்தான் இருக்கா. முன்னவிட அதிகமாப் பேசறா."

வெள்ளிக்கிழமை காலையில் தோள் கன்றிப்போனமாதிரி வலிக்க, லவோன் புரூயிட்டைச் சுவர் வழியாகவே திட்டினாள். அந்தப் பக்கத்திலிருந்து, "அது அப்படித்தான் இருக்கும். சுடுதுண்டு போடுங்க, தோளப் பின்னாடி சுத்துங்க" என்று பதில் வந்தது. அன்றைக்கே முதல் தடவையாக இரண்டு பெண்கள் அவர் கதவைத் தட்டினார்கள். ஒருத்தி தையல்காரி, இன்னொருத்தி தபாலாபீஸில் கடிதம் பிரிப்பவள்.

சனிக்கிழமை சாயங்காலம் இரண்டாம் தடவை போய்விட்டு வீட்டுக்கு வந்தவள், சாப்பாட்டு மேசையில் கணவன் டுவேனிடம் நடந்ததையெல்லாம் சொன்னாள். டுவேன் சோளக்கிடங்கில் மூட்டை தூக்குகிறவன். முள்கரண்டியைக் கீழே வைத்தான்.

"அப்பாடா! இனிமே நான் முன்வாசல் வழியாப் போகலாம்."

"என்னது?"

"ஒரு வருஷமாப் போறேன் லவோன். செவ்வாக்கெழம செவ்வாக்கெழம. நான் 'ஆ'ன்னா நீ அந்தப் பக்கத்துலேருந்து 'இன்னொருத்தர் போயாச்சு'ம்ப. எனக்குச் சிரிப்பு வந்துடும். டாக்டர் அசையாதய்யான்னு திட்டுவாரு."

லவோன் உருளைக்கிழங்குக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அன்றைக்கு அவனுக்கு இரண்டாம் தடவை கிடைக்கவில்லை. ஆனால் சிரிப்பை அவளால் அடக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை லூத்தரன் தேவாலயத்தில் லவோன் வழக்கம்போல் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். அங்கிருந்துதான் தன் வேலை மொத்தமும் தெரியும். இடது பக்கம் மெல்லத் திரும்பி, உயர உயரமாக நின்ற கொண்டைகளைப் பார்த்தாள். வலது பக்கம் திரும்பிப் பார்த்தாள். கடைசி அங்குலத்தில் மட்டும் கொஞ்சம் இழுத்தது. ஒன்றுகூடச் சாயவில்லை என்று அவளுக்குப் பெருமையாக இருந்தது.

முன்வரிசையில் ஓரமாக புரூயிட் உட்கார்ந்திருந்தார். அவர் பிடரியில் முடி ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கி, வெட்டுக்கிளி மேய்ந்த வயல் மாதிரி இருந்தது. ஆராதனை முழுக்க லவோனால் அதிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. முடிந்ததும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவர் முன்னால் நின்றாள்.

"டாக்டர், யாரு வெட்டினது இத?"

"நானேதான். கண்ணாடியப் பாத்து."

"நாளைக்கு ஒன்பது மணிக்கு வாங்க" என்றாள் லவோன். "இத இப்படியே விட்டா எனக்கு மறுபடியும் கழுத்து பிடிச்சுக்கும்."