அக்கா வெள்ளை

1

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியது இல்லை. கண் மருத்துவமனையின் காத்திருப்பு அறையில் என் அத்தை போட்ட உத்தரவு. "எதை எதையோ எழுதறே, என் கண்ணைப் பத்தி எழுதேன்" என்றாள். "கண்புரையில என்ன அத்தை கதை இருக்கு?" என்று கேட்டேன். அப்போது உண்மையிலேயே ஒன்றும் இல்லை. அவளுடைய வலக்கண்ணில் சொட்டு மருந்து விட்டு உட்கார வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். கதை அதற்கப்புறம் ஒரு பேக்கரி வாசலில் ஆரம்பித்தது. அதற்குள் நான் சில ஆரம்பங்களை எழுதிப் பார்த்துவிட்டேன். கிழித்துப் போட மனம் வராததால் இங்கேயே விட்டுவைக்கிறேன்.

"இருள் மெல்ல மெல்ல அவளைச் சூழ்ந்தது." [சூழவில்லை. அத்தையிடம் வாசித்துக் காட்டியபோது அவளுக்குக் கோபமே வந்துவிட்டது. "இருளா? எனக்கு ஒரே வெளிச்சமால்ல இருந்துச்சு! எதிர்ல வர்ற வண்டி விளக்கெல்லாம் தாடி வச்சுக்கிட்டு வரும்." கண்புரை வந்தவர்களுக்கு வெளிச்சம் கூசும் என்பதை நான் விசாரித்திருக்க வேண்டும்.]

"கண் என்பது மனதின்" [இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. வெட்கமாக இருந்தது.]

ஆகவே நேராகச் சொல்லிவிடுகிறேன். என் அத்தை ஒரு பெயிண்ட் கடைக்காரி. அவள் கலக்கும் வெள்ளைக்கு எங்கள் வட்டாரத்தில் தனிப் பெயர் இருந்தது. அந்தப் பெயர் யாருக்குச் சேர வேண்டியது, அவளுக்கா அவள் கண்ணில் இருந்த புரைக்கா என்பதுதான் கேள்வி.

2

மற்ற கடைகளில் நிறம் கலக்க இயந்திரம் இருக்கிறது. பட்டனைத் தட்டினால் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்கித் தந்துவிடும். அத்தையின் கடையில் ஒரு மேஜை, சாயக் குப்பிகள், நுனி தேய்ந்துபோன ஒரு கட்டை. கம்பெனிக்காரர்கள் கொடுத்துவிட்டுப் போகும் மாதிரி அட்டைகளை அவள் விசிறிக்கொள்ளப் பயன்படுத்துவாள். அட்டையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக் கலப்பது அவள் அகராதியில் காப்பி அடிப்பது. நிறம் ஞாபகத்தில் இருக்க வேண்டும். கலந்ததும் இடது கட்டைவிரல் நகத்தில் ஒரு பொட்டு வைத்துக்கொண்டு வாசலுக்குப் போவாள், பகல் வெளிச்சத்தில் நகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள், திரும்பி வந்து இன்னொரு சொட்டு விடுவாள்.

வெள்ளைக்கும் இதே மரியாதைதான். வெறும் வெள்ளை பூசினால் சுவர் அழுதுவடியும், ஒரு துளி நீலம் சேர்த்தால்தான் பளிச்சென்று நிற்கும் என்பாள். அப்படி அவள் கலந்த வெள்ளையை முடி வெட்டும் கடையில் பூசினார்கள், பல் டாக்டர் பூசினார், பிறகு பேக்கரிக்காரர் உள்ளும் புறமும் பூசினார். அத்தையை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அதனால் அது அக்கா வெள்ளை. உள்ளே நுழைந்தாலே குளுகுளுவென்று இருக்கிறது என்பார்கள். ஏன் என்று யாருக்கும் சொல்லத் தெரியாது. [தெரியும். ஆனால் அதை இப்போதே சொன்னால் நாலாம் பகுதிக்கு வேலை இருக்காது.]

3

இங்கே கதையைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு ஒரு பாடம். பாடம் பிடிக்காதவர்கள் நாலுக்குத் தாவலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

கண்புரை என்பது கண்மேல் படரும் ஏதோ தோல் என்று நானும் நினைத்திருந்தேன். இல்லை. கருவிழியின் நடுவில் இருக்கும் கறுப்புத் துவாரத்துக்குப் பின்னால், கண்ணுக்குள்ளேயே ஒரு லென்ஸ் இருக்கிறது. இளமையில் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும் அது, வயதாக வயதாக மங்கும். பலருக்கு மஞ்சளாகும், பழுப்பாகும். அப்புறம் மூக்குக்கண்ணாடியை எத்தனை தடவை மாற்றினாலும் பிரயோஜனம் இல்லை. கரைக்கச் சொட்டு மருந்தும் கிடையாது. பழைய லென்ஸை எடுத்துவிட்டுப் புதிது வைப்பது ஒன்றுதான் வழி.

மங்கல் ஒரே நாளில் வருவதில்லை என்பதால் வந்தவருக்கே தெரியாது. அத்தைக்குப் பல்புகள் மேல் சந்தேகம். "இப்ப வர்ற பல்பு எதுவும் சரியில்ல" என்பாள். மாமாவும் சளைக்காமல் மாற்றிக்கொண்டே இருந்தார். கடைசியில் கடை ஒரு சினிமா படப்பிடிப்பு மாதிரி ஜொலித்தது. அப்போதும் அத்தை ரசீதை மூக்கில் ஒட்டிக்கொண்டுதான் படித்தாள்.

[மாமா கதைக்குள் வந்துவிட்டார். முதல் பிரதியில் அவர் இல்லை. எந்த வேலையும் செய்யாத பாத்திரம் என்று வெட்டிவிட்டிருந்தேன். அத்தை படித்துவிட்டு, "அவர் எங்கடி?" என்றாள். கதைக்கு அவசியமில்லை என்றேன். "எனக்கு அவசியம்" என்றாள். சேர்த்துவிட்டேன்.]

கண் டாக்டர் சின்ன வயதுப் பெண். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர்.

"ரெண்டு கண்ணுலயும் இருக்கு. வலதுக்கு முதல்ல பண்ணிடலாம்."

"கொஞ்சம் முத்தட்டுமே" என்றாள் அத்தை.

"முத்தறதுக்கு இது என்ன முருங்கைக்காயா? முத்திட்டா கல்லு மாதிரி ஆயிடும். அப்புறம் உங்களுக்கும் சிரமம், எனக்கும் சிரமம்."

"வலிக்குமா?" என்று கேட்டது மாமா. அவர் முகம் வெளுத்திருந்தது.

"உங்களுக்கு வலிக்காது சார்" என்றார் டாக்டர்.

அறுவை சிகிச்சை நடந்தபோது நான் வெளியே இருந்தேன், எனவே கேட்டதை எழுதுகிறேன். கண்ணை மரத்துப்போகச் செய்கிறார்கள். கருவிழியின் ஓரத்தில் மிகச் சிறிய ஒரு கீறல். அதன் வழியாக ஒரு நுண்கருவி உள்ளே போய், ஒலி அதிர்வால் பழைய லென்ஸைப் பொடித்து உறிஞ்சிவிடுகிறது. லென்ஸைச் சுற்றியிருந்த மெல்லிய உறை மட்டும் பத்திரமாக இருக்கும். மடித்து வைத்த செயற்கை லென்ஸை அதற்குள் விட்டால் தானாக விரிந்துகொள்கிறது. பெரும்பாலும் தையலே தேவைப்படாது. நாங்கள் கொண்டுபோன பிளாஸ்க்கைத் திறந்து மாமாவுக்கு டீ கொடுத்து ஆசுவாசப்படுத்துவதற்குள் அத்தை கண்ணில் மூடியோடு வெளியே வந்துவிட்டாள்.

"எப்படி இருந்துச்சு அத்தை?"

"நிறமா வந்துச்சுடி. மேல லைட்டு நீந்துது, அதுல ஒவ்வொண்ணா நிறம் கலங்குது. நம்ம கடையில இல்லாத நிறம்."

4

மறுநாள் மூடியை எடுத்தார்கள். அத்தை டாக்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு மாமாவின் காலைப் பார்த்தாள்.

"என்னங்க இது, ஒரு கால்ல கறுப்பு சாக்ஸ், ஒரு கால்ல நீல சாக்ஸ்!"

"நீதான் ஜோடி சேத்து வைப்பே" என்றார் மாமா.

"எப்பலேருந்து?"

"அது ஆச்சு, கொஞ்ச வருஷம்."

"சொல்றதுக்கென்ன?"

"ஜோடின்னு நீ சொன்னே. எனக்கு ஜோடிதான்."

[இந்த இடத்தில் கண்ணீர் வரவழைக்கலாம் என்று ஒரு பத்தி எழுதினேன். ஆனால் அந்த அறையில் யாரும் அழவில்லை. டாக்டர் உட்பட எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தோம். பத்தி போய்விட்டது.]

வீடு திரும்பும் வழி முழுக்க அத்தைக்குத் திருவிழாதான். பெயர்ப்பலகைகளைச் சத்தம் போட்டுப் படித்தாள். இலைகளுக்கு ஓரம் இருக்கிறது என்றாள். ஒரு கண்ணை மூடி ஒரு கண்ணால் பார்ப்பாள், மாற்றி மூடிப் பார்ப்பாள். "இந்தப் பக்கம் துவைச்ச உலகம், இந்தப் பக்கம் துவைக்காத உலகம்" என்று சிரித்தாள். பேக்கரி வந்தது. ரொட்டி வாங்கலாம் என்று வண்டியை நிறுத்தினோம். அத்தை இறங்கினவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்னய்யா இது, ஆகாசத்தை எடுத்துப் பூசி வச்சிருக்கே? என் வெள்ளை எங்கே?"

பேக்கரிக்காரர் தட்டும் கையுமாக வெளியே வந்தார். "இதுதானே அக்கா உங்க வெள்ளை."

"இது நீலம்!"

"ஆமா" என்றார் அவர், இதில் என்ன ஆச்சரியம் என்பது போல. "லேசா நீலம்தான். அதுக்குத்தானே எல்லாரும் உங்ககிட்ட வர்றோம்."

அத்தை வலக்கண்ணை மூடினாள். திறந்தாள். இடக்கண்ணை மூடினாள்.

என்ன நடந்திருக்கிறது என்று உங்களுக்குப் புரிந்திருக்கும். லென்ஸ் மஞ்சளாக ஆக, அவள் கலந்த வெள்ளையும் அவளுக்கு மஞ்சளாகத் தெரிந்திருக்கிறது. ஞாபகத்தில் இருக்கும் வெள்ளையைப் பிடிக்க ஒரு சொட்டு நீலம் கூடுதலாக விட்டிருக்கிறாள். அடுத்த வருஷம் இன்னொரு சொட்டு. மாதிரி அட்டையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் இரண்டும் ஒரே மஞ்சளாகத் தெரிந்திருக்கும், பிழையே வந்திருக்காது. காப்பி அடிக்க மாட்டேன் என்ற வீம்புதான் எங்கள் வட்டாரத்தை நீலமாக்கியது.

"உங்களுக்கும் தெரியுமா?" என்று மாமாவிடம் திரும்பினாள்.

மாமா சாக்ஸைப் பார்த்துக்கொண்டார். "அழகா இருந்துச்சு. விட்டுட்டேன்."

5

அத்தை அன்று நிறையச் சிரித்தாள். ஆனால் வீட்டுக்கு வந்ததும் சொன்ன ஒரு வாக்கியத்தை நான் மாற்றாமல் எழுதுகிறேன்: "அப்ப அது என் கைக்கு வந்த பேரு இல்லடி. என் புரைக்கு வந்த பேரு."

எனக்குச் சுருக்கென்று வலித்தது என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

தூசி பட்டுவிடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் கொஞ்ச நாள் அவள் கடைப்பக்கம் தலைகாட்டவில்லை. மாமா கடையைப் பார்த்துக்கொண்டார். வார்னிஷ் கேட்டவருக்கு டர்பன்டைன் கொடுத்தார். கண் ஆறிய கையோடு பேக்கரிக்காரர் வந்து நின்றார். பக்கத்துத் தெருவில் புதுக் கிளை திறக்கிறாராம். முழுக்க அக்கா வெள்ளை வேண்டும். "வேற வெள்ளைன்னா திறப்பு விழாவே வேண்டாம்" என்றார். அத்தையின் இடக்கண்ணுக்கு அடுத்த வாரம் தேதி குறித்திருந்தது.

இங்கே கதை இரண்டாகப் பிரிகிறது, எனக்குக் கை துறுதுறுத்தது.

முடிவு அ: அத்தை இடக்கண்ணை அப்படியே தொழிலுக்கென்று வைத்துக்கொள்கிறாள். வலக்கண் பார்ப்பதற்கு, இடக்கண் கலப்பதற்கு. [கேட்க அழகாக இருக்கிறது. டாக்டரிடம் சொன்னேன். "கதையில நல்லா இருக்கும். கண்ணு நல்லா இருக்காது. அது இன்னும் மங்கும், நீலம் இன்னும் ஏறும், ஒருநாள் ரொட்டிக்கடை இங்க் புட்டி ஆயிடும்" என்றார்.]

முடிவு ஆ: அத்தை சிகிச்சை செய்துகொள்கிறாள், ஓர் இயந்திரம் வாங்குகிறாள், நிம்மதியாக [இதை அத்தை படித்தாள். என் பேனாவைப் பிடுங்கித் தானே கோடு போட்டு அடித்தாள்.]

நடந்தது இது. சிகிச்சைக்கு முந்தின நாள் அத்தை கடைக்கு வந்தாள். வலக்கண்ணைக் கைக்குட்டையால் கட்டிக்கொண்டாள். இடக்கண்ணால், பழைய உலகத்தைப் பார்த்து, ஒரு டப்பா வெள்ளை கலந்தாள். நகத்தில் பொட்டு, வாசல், திருப்பித் திருப்பிப் பார்ப்பது எல்லாம் வழக்கம் போல. புதுக் கிளையின் பின்சுவரில் ஒரு கதவளவுக்கு அதை நான் பூசினேன். அது காய்ந்ததும் அதன்மேல் மாமா செய்தித்தாளை ஒட்டி மறைத்தார்.

"கண்ணு சரியானதும் பக்கத்துல இன்னொண்ணு பூசுவேன்" என்றாள் அத்தை. "அதைப் பாக்காம, ரெண்டு புதுக் கண்ணாலயும் கலப்பேன். எது எதுன்னு அந்த ஆளுக்குச் சொல்ல வேண்டாம். அவரே கண்டுபிடிக்கட்டும். கண்டுபிடிச்சிட்டார்னா, பேரு புரைக்குத்தான். நான் மாதிரி அட்டை வச்சுப் பொழச்சுக்கறேன்."

அவள் குரல் கேலியாகத்தான் இருந்தது. ஆனால் கைக்குட்டையை அவிழ்க்க அவளுக்கு வெகுநேரம் பிடித்தது.

6

இடக்கண்ணும் நல்லபடியாக முடிந்தது. இந்த முறை மாமா பிளாஸ்க் டீயைத் தானே ஊற்றிக் குடித்தார்.

கண் ஆறியதும், வெயில் நன்றாக இருந்த ஒரு காலையில், அத்தை மறுபடி மேஜை முன்னால் உட்கார்ந்தாள். நான் அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் சொட்டு விட்டாள், கலக்கினாள். இரண்டாவது சொட்டுக்குக் குப்பியைச் சாய்த்தவள் அப்படியே நிறுத்தினாள். கை பழக்கத்தில் நகர்கிறது, கண் "போதும்" என்கிறது. எதைக் கேட்பது? சட்டென்று கண்ணை மூடிக்கொண்டாள். மூடியபடி ஒரு சொட்டு விட்டாள். பிறகு கண்ணைத் திறந்து நகத்தில் பொட்டு வைத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். வெகுநேரம் வரவில்லை. வந்தபோது, "எடுத்துட்டுப் போய்ப் பூசு" என்றாள்.

பூசியது காயக் காத்திருந்தோம். ஈரத்தில் எந்த நிறமும் பொய் சொல்லும். காய்ந்ததும் மாமா செய்தித்தாளை உரித்தார். பேக்கரிக்காரரைக் கூப்பிட்டோம்.

அவர் இரண்டு பூச்சுக்கும் நடுவில் நின்றார். இடப்பக்கம் பார்த்தார். வலப்பக்கம் பார்த்தார். பின்னால் போனார், கையிலிருந்த மாவைத் தட்டிக்கொண்டு முன்னால் வந்தார். மாமா என் முழங்கையைப் பிடித்து நசுக்கிக்கொண்டிருந்தார். கடைசியில் பேக்கரிக்காரர் கையை நீட்டினார்.

அவர் கை

[இங்கே நிறுத்த வேண்டியிருக்கிறது. இதுவரை எழுதியதை அத்தை படித்துவிட்டாள், கண்ணாடி போடாமல், தூரத்தில் பிடித்து, ஒரே மூச்சில். முடிவுக்கு வந்ததும் தாளைக் கவிழ்த்து வைத்தாள். "அவர் என்ன சொன்னாருன்னு எழுதாதே" என்றாள். "ஏன் அத்தை? அதுதான் கதையே." "அதுதான் கடையே. எது எந்தக் கண்ணுன்னு எழுதினே, உன் ரூமுக்கு இனிமே பெயிண்ட் கிடையாது." மாமாவும் அவள் பக்கம். எனக்கு என் சுவர்கள் முக்கியம்.]

ஆகவே இவ்வளவுதான் சொல்ல முடியும். பேக்கரிக்காரர் சொன்னதைக் கேட்டு அத்தை அங்கே கிடந்த மாவு மூட்டைமேல் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தாள். மூக்கிலெல்லாம் மாவு. மாமாவும் சிரித்தார், எதற்கு என்று கேட்காமலே. பேக்கரிக்காரர் ஒரு பூச்சைக் காட்டினாரா, இரண்டையும் காட்டினாரா, பெயர் கைக்குப் போனதா புரைக்குப் போனதா என்பதையெல்லாம் நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். அதற்காகக் கீழே பாதிப் பக்கத்தை வெறும் வெள்ளையாக விட்டிருக்கிறேன்.

அந்த வெற்றிடத்தை அத்தையிடம் காட்டினேன், இதற்காவது சம்மதமா என்று. தாளை வாங்கினாள். எழுந்து வாசலுக்குப் போனாள், வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதெல்லாம் ஒரு வெள்ளையாடி?" என்றாள். "கொண்டா இப்படி. ஒரு சொட்டு நீலம் விடறேன்."